இலவசம் கொடுக்குமுன் போட வேண்டிய கணக்கு

வாடிக்கையாளருக்கு ஏதாவது இலவசமாகக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் மலிவாக என்ன கிடைக்கும் என்றுதான் தேடத் தொடங்குகிறார்கள். அந்தத் தேடலைத் தள்ளி வையுங்கள். இதை வாங்கிப் போகிறவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள். புதுப் பொருளைப் பழக வேண்டும் என்றால் சாம்பிள். பழைய ஆள் மறக்காமல் திரும்பி வர வேண்டும் என்றால் பெயர் அச்சிட்ட, தினமும் கையில் படுகிற பொருள். தேங்கிய சரக்கு நகர வேண்டும் என்றால் ஒன்று வாங்கினால் இன்னொன்று. ஒரே இலவசத்தால் மூன்றையும் சாதிக்கப் பார்த்தால் மூன்றும் அரைகுறையாகத்தான் முடியும்.

கூட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மனிதர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்று ஆராயும் டான் ஏரியலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. உயர்ரக லின்ட் சாக்லேட் 15 சென்ட், சாதாரண ஹெர்ஷீஸ் கிஸ் சாக்லேட் 1 சென்ட் என்று வைத்தபோது பெரும்பாலானோர் லின்ட்டை எடுத்தார்கள். இரண்டிலும் ஒரு சென்ட் குறைத்து 14 சென்ட், இலவசம் என்று மாற்றியதும் பெரும்பாலானோர் கிஸ் பக்கம் போய்விட்டார்கள். விலை வித்தியாசம் அதே 14 சென்ட்தான். ஆக, விலை இருந்தால் திரும்பியும் பார்க்காதவர்கூட இலவசம் என்றால் கை நீட்டுவார். எத்தனை பேர் வாங்கிப் போனார்கள் என்பதை வைத்து வெற்றியை அளக்கவே கூடாது.

அளக்க வேண்டிய விதம் இது. ஒரு சாம்பிளுக்கு, உறையும் கொண்டுசேர்க்கும் செலவும் சேர்த்து, 8 ஆகிறது என்று வையுங்கள். 500 பேருக்குக் கொடுத்தால் 4,000. அவர்களில் 25 பேர் பிறகு காசு கொடுத்து வாங்கினால், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 160 செலவாகியிருக்கிறது. ஒருமுறை விற்றால் நிற்கும் லாபம் 60 என்றால், அவர் மூன்றாம் முறை வாங்கும்போதுதான் போட்ட காசு திரும்பும். அடிக்கடி தீர்ந்துபோகும் சோப்பு, காபித்தூள் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். பத்து வருடத்துக்கு ஒருமுறை வாங்கும் பொருளுக்கு ஒத்துவராது.

சாம்பிளின் அளவில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ஊறுகாயை ஒரு வாய் ருசித்தாலே பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும். முகக்கிரீம் அப்படியல்ல. ஒரு தடவைக்கு மட்டும் வரும் பொட்டலம் பூசுகிறவருக்கு எந்த மாற்றத்தையும் காட்டாது, 'இது ஒன்றும் செய்யவில்லை' என்ற எண்ணத்தைத்தான் விட்டுப்போகும். பலன் தெரிய எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாளுக்குக் கொடுங்கள், எத்தனை பேருக்குக் கொடுப்பது என்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். முழு அளவு டப்பாவையே கொடுத்துவிடுவது எதிர்த் தவறு. வாங்க வேண்டிய தேவையே அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

பெயர் அச்சிட்ட பொருளை மொத்தமாக அச்சடிக்குமுன் பத்து மட்டும் வரவழைத்துப் பாருங்கள். பேனா என்றால் மூன்று வாரம் அலமாரியில் போட்டுவிட்டு எழுதிப் பாருங்கள். மை காய்ந்து, இரண்டு முறை கிறுக்கினால்தான் எழுதும் பேனா, எடுக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் பெயரைக் கெடுக்கும். துணிப்பை என்றால் ஐந்து கிலோ போட்டு ஒரு நாள் தொங்கவிடுங்கள். கைப்பிடி சேரும் இடத்தில்தான் தையல் முதலில் விடும். காலண்டர் வருடம் பிறந்து இரண்டு வாரம் கழித்து வந்தால், ஆணியில் ஏற்கெனவே வேறொன்று தொங்கிக்கொண்டிருக்கும்.

விதிகளை எழுதும்போது 1992இல் பிரிட்டனில் ஹூவர் என்ற வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் பட்டதை நினைவில் வையுங்கள். 100 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் இரண்டு பேருக்கு அமெரிக்காவுக்குப் போய்வர விமான டிக்கெட் என்று அறிவித்தார்கள். டிக்கெட்டின் மதிப்பு பொருளின் விலையைவிடப் பல மடங்கு. பலர் கேட்க மாட்டார்கள் என்று நம்பியது பொய்த்தது, கிட்டத்தட்ட 5 கோடி பவுண்டு போனது. எனவே வாங்கிய ஒவ்வொருவரும் கேட்டு வந்தால் தாங்குமா என்று முதலில் கூட்டிப் பாருங்கள். தாங்காது என்றால் அறிவிக்காதீர்கள். முடியும் தேதி, ஒருவருக்கு எத்தனை, மொத்தம் எத்தனை என்ற மூன்றும் விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கட்டும். எண்ணிக்கை தீர்ந்த பிறகு வருகிறவருக்குக் கொடுக்கச் சிறு தள்ளுபடிச் சீட்டு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். வெறுங்கையோடு திரும்புகிறவரின் கோபம் வெகுதூரம் பரவும். குலுக்கல் பரிசு என்றால் சட்டம் தனி. பல நாடுகளில் பொருள் வாங்கினால்தான் கலந்துகொள்ளலாம் என்று சொல்லவே முடியாது. முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஒன்றுக்கு ஒன்று இலவசத்தை மாதாமாதம் ஓட்டினால், பாதி விலைதான் அதன் உண்மை விலை என்று மக்கள் மனதில் பதிந்துவிடும். அதே பொருளை இன்னொன்று கொடுப்பதைவிட, கூடவே பயன்படும் வேறொன்றைக் கொடுங்கள். பில்லில் அதன் வழக்கமான விலையை எழுதி, கீழே இலவசம் என்று காட்டுங்கள்.

கொடுக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குறியீட்டு எண் வைத்துக் கூப்பனில் அச்சடித்தால், எங்கே கொடுத்தது விற்பனையாகத் திரும்பியது என்று தெரிந்துவிடும். கூடவே, மக்கள் எதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று கல்லாவில் இருப்பவர் குறித்துவைக்கட்டும். சிகாகோவில் 1891இல் சோப்பு விற்கத் தொடங்கிய வில்லியம் ரிக்லி, சோப்போடு பேக்கிங் பவுடரைக் கொசுறாகக் கொடுத்தார். சோப்பைவிடப் பவுடரை ஜனங்கள் விரும்பியதும் பவுடர் வியாபாரத்துக்கே மாறினார். அடுத்த வருடம் பவுடரோடு சூயிங் கம் கொடுத்தார். அதையும் ஜனங்கள் கேட்டு வாங்கத் தொடங்கியதும், சூயிங் கம்மே அவருடைய தொழிலானது.