டேப் பிடித்தது, பெயின்ட் உரிந்தது: வீட்டுக்கு வெளியே சென்சார் மாட்டும்போது செய்யும் தவறுகள்

போன ஐப்பசியில் ஒரு காலை, வாசல் சுவரில் ஒட்டியிருந்த மோஷன் சென்சார் துளசித் தொட்டிக்குள் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் டபுள் சைடு டேப் அப்படியே இருந்தது. டேப்பின் மேல், தீப்பெட்டி அளவுக்குச் சுவரின் பெயின்ட்டும் இருந்தது. டேப்பைக் குற்றம் சொல்ல முடியாது. அது கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பெயின்ட்தான் சுவரை விட்டுவிட்டது.

வெளியே சென்சார் மாட்டுகிற பலரும் முதலில் சறுக்குவது இங்கேதான். டேப் எவ்வளவு பலம் என்று பார்க்கிறோம், எதில் ஒட்டுகிறது என்று பார்ப்பதில்லை. நம் ஊர் வெளிச்சுவர் பெரும்பாலும் சிமென்ட் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் எமல்ஷன். பழைய வீடென்றால் அடியில் எத்தனையோ பொங்கலின் சுண்ணாம்பு வேறு. விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வருகிற சுவரில் எந்த டேப்பும் நிற்காது. கிரானைட், டைல்ஸ், கண்ணாடி, பவுடர் கோட்டிங் செய்த அலுமினிய ஜன்னல் சட்டம் என்றால் தாராளமாக ஒட்டலாம். அங்கேயும் அவசரம் ஆகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு, அழுத்தி ஒட்ட வேண்டும். வெளிப்புறத்துக்கென்றே வரும் அக்ரிலிக் ஃபோம் டேப்புக்குக்கூட முழுப் பிடிப்பு வர சுமார் 72 மணி நேரம் ஆகும். ஒட்டிய கையோடு இழுத்துப் பார்ப்பவர்கள் அந்தப் பிடிப்பைத் தாங்களே கெடுக்கிறார்கள்.

சரி, டிரில் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தால், அடுத்த தவறு சென்சார் வந்த பெட்டிக்குள்ளேயே காத்திருக்கிறது. கூடவே வரும் பிளக்கும் (ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் உறை) ஸ்க்ரூவும் பெரும்பாலும் 25 மி.மீ. நீளம்தான் இருக்கும். நம் வெளிச்சுவர்ப் பூச்சே 15 முதல் 20 மி.மீ. வரும். அப்படியென்றால் பிளக்கில் பெரும்பகுதி பூச்சோடு நின்றுவிடுகிறது. செங்கல்லுக்குள் போவது நுனி மட்டும்தான். நாலு மழை பார்த்ததும் பூச்சு உதிர்ந்து பிளக் கையோடு வந்துவிடும். ஹார்டுவேர் கடையில் 6 மி.மீ. பிளக்கும் 50 மி.மீ. ஸ்க்ரூவும் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. ஓட்டை போடும்போது பிட்டோடு வரும் தூளைக் கவனியுங்கள். சாம்பல் நிறம் செங்கல் சிவப்பாக மாறினால் பூச்சைத் தாண்டிவிட்டீர்கள் (ஹாலோ பிளாக் சுவரில் இந்த அடையாளம் உதவாது). ஓட்டையில் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக்கை அடித்தால் அது பாதியில் நிற்கும், நாம் இன்னும் ஓங்கி அடிப்போம், பூச்சு விரியும். வெளி விளக்குக்கோ சுவிட்சுக்கோ நேர் மேலேயும் கீழேயும் டிரில் வைக்காதீர்கள். உள்ளே வயர் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஸ்க்ரூ விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இங்கே சாதாரண இரும்பு ஸ்க்ரூ ஒரே மழைக்காலத்தில் சுவரில் செம்பழுப்புக் கோடு இழுத்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டால் கடைக்காரர் தருவது வழக்கமாக 304 ரகம். கடலோரத்துக்கு 316 ரகம்தான் சரி. அதில் கலந்திருக்கும் மாலிப்டினம் உப்புக் காற்றைத் தாங்க உதவுகிறது. நாலு ஸ்க்ரூவுக்கு என்ன பெரிய விலை வந்துவிடப் போகிறது.

இனி மழை. மழைக்குப் பயந்துதான் மிகப் பெரிய தவறைச் செய்கிறோம்: சிலிக்கானை எடுத்துச் சுற்றிலும் அப்பிவிடுகிறோம். சென்சாரின் அடியில் சின்னதாக ஒரு ஓட்டை இருந்தால் அதையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம். அந்த ஓட்டை உள்ளே சேரும் நீர் வடியவும் காற்று போய்வரவும் வைத்தது. மதிய வெயிலில் டப்பாவுக்குள் 50 டிகிரி சூடு இருக்கும்போது திடீரென்று மழை கொட்டி 25 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே அழுத்தம் சுமார் 8 சதவீதம் குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட டப்பா வெளியிலிருந்து காற்றை இழுக்கும். எங்கே துளி இடுக்கு இருக்கிறதோ, அங்கே தேங்கியிருக்கும் மழைத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும். போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, நாம்தான் அடைத்துவிட்டோமே. அதனால் மேல் விளிம்பிலும் இரண்டு பக்கங்களிலும் மட்டும் சிலிக்கான் வையுங்கள், அடியைத் திறந்து விடுங்கள். புளித்த வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் செம்பையும் சர்க்யூட் போர்டையும் அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள்.

பெட்டியில் ஐபி65 என்றோ ஐபி67 என்றோ போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறோம். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 65 என்றால் தூசி புகாது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் நடப்பவை. வருடக்கணக்கான வெயில், உப்புக் காற்று, பிளாஸ்டிக் நொறுங்கிப்போவது பற்றி அந்த எண்களில் ஒரு வார்த்தையும் கிடையாது. வயர் உள்ள சென்சாரென்றால் இன்னொன்றும் உண்டு: வயர் மேலிருந்து நேராக உள்ளே இறங்கக் கூடாது. ஒரு வளைவாகக் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். அந்த வயரைக் கட்ட வெள்ளை நைலான் டை வேண்டாம், வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். வெயில் தாங்கும் கறுப்பு டைதான் நிற்கும்.

என்னைக் கேட்டால், இங்கே மழையைவிட வெயில்தான் பெரிய எதிரி. வெப்பநிலை சென்சாரை வடக்குச் சுவரில் மாட்டச் சொல்லும் அறிவுரையைப் பல இடங்களில் பார்க்கலாம். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்குச் சரி, அவர்களுக்கு மதியச் சூரியன் எப்போதும் தெற்கே. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விட்டு, ஆகஸ்ட் பாதிக்குப் பிறகுதான் திரும்பி வருகிறது. அதாவது கத்திரி வெயில் முழுக்க நம் வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. அந்த நேரத்தில் சென்சார் காட்டுவது காற்றின் வெப்பம் இல்லை, சுட்ட சுவரின் வெப்பம். திசையைவிட நிழலைத் தேடுங்கள். சன்ஷேடின் அடியில், சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி, காற்று போகிற இடம் போதும். பேட்டரிக்கும் அது நல்லது. பட்டன் செல்கள் பலவற்றுக்கு 60 டிகிரிதான் எல்லை, வெயிலில் கிடக்கும் கறுப்பு டப்பாவுக்கு அது எட்டாத தூரம் இல்லை.

மோஷன் சென்சாருக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஆளைப் பார்ப்பதில்லை. அதன் பார்வைப் பரப்பு கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும், உடல் சூடு ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்வதைப் பார்க்கிறது. நேராக அதை நோக்கி நடந்து வருபவரைவிட, குறுக்கே போகிறவரைச் சீக்கிரம் பிடிக்கும். அதனால் கேட்டுக்கு நேர் எதிரே மாட்டாமல், பாதையைப் பக்கவாட்டில் பார்க்கும்படி 2 மீட்டருக்குச் சற்று மேலே மாட்டுவது நல்லது. ஏசியின் அவுட்டோர் யூனிட் பக்கம் திருப்பினால் சூடான காற்றுக்கெல்லாம் கூவும். மே மாதத்தில் சில நாள் ஆள் வந்தும் பேசாமல் இருந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். சுற்றுப்புறமும் உடம்பும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் அதற்கு வித்தியாசம் தெரியாது. விளக்கடிப் பூச்சிக்கு வரும் பல்லி லென்ஸ் மேல் ஓடினாலும் அலாரம்தான், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இரும்பு கேட்டில் காந்த சென்சார் வைப்பவர்கள் காந்தத்தை நேராக இரும்பின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். இரும்பு காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கேட் மூடியிருந்தும் திறந்திருப்பதாகக் காட்டும். நடுவே ஒரு சென்டிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் துண்டு வையுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியதை எல்லோரும் கடைசியில் செய்கிறோம்: சிக்னல் பார்ப்பது. சென்சார்கள் வயரில்லாமல் பேசிக்கொள்ளும் ஜிக்பீயும் சாதாரண வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை. கான்கிரீட், இரும்பு ஷட்டர், நிறைந்த சின்டெக்ஸ் டேங்க் எல்லாம் அதைத் தின்றுவிடும். டேங்க் காலியாக இருக்கும்போது கிடைத்த சிக்னல், நிறைந்ததும் காணாமல் போகலாம். ஓட்டை போடுவதற்கு முன், நினைத்த இடத்தில் இரண்டு நாள் டேப்பில் ஒட்டிப் பாருங்கள். டேப்புக்கு ஏற்ற வேலை அதுதான்.

கடைசியாக, பிராக்கெட்டின் அடியில் ஒரு சின்னப் பூட்டு ஸ்க்ரூவுக்கு இடம் இருக்கும். பெட்டியில் மிஞ்சிக் கிடக்கும் அந்த ஸ்க்ரூவை யாரும் மாட்டுவதில்லை. மாட்டாவிட்டால் யார் வேண்டுமானாலும் மேலே தூக்கிக் கழற்றிக்கொண்டு போகலாம். குரங்கு நடமாட்டம் உள்ள ஊரென்றால் ஆள்கூட வேண்டாம். என் துளசித் தொட்டி சென்சார் இப்போது சன்ஷேடின் அடியில் இருக்கிறது, பூட்டு ஸ்க்ரூவோடு. போன மாதம் அதன் அடி ஓட்டையில் குளவி ஒன்று மண் அப்பியிருந்தது. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தேன்.