கும்பகோணத்து வெயிலில் பிலிம் கழுவுவது எப்படி?

டெவலப்பர், அதாவது பிலிமில் படத்தைத் தெரியவைக்கும் மருந்து, அதன் டப்பாவில் 20 டிகிரி என்று போட்டிருக்கும். சித்திரை மதியம் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டேன். 34. என் முதல் ரோலை அதைப் பார்க்காமலே அந்தத் தண்ணீரில் கழுவி, 36 படமும் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்துப்போனது. அதனால் இதில் பாதி தண்ணீர்ப் பேச்சாகத்தான் இருக்கும்.

பிலிம்: இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் என்ற கறுப்பு-வெள்ளை பிலிம் வாங்குங்கள். அதன் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை வாங்கும் வேகம், 400. வெளிச்ச அளவு கொஞ்சம் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். ஒருகாலத்தில் ஊட்டியிலேயே ‘இந்து’ பிலிம் தயாரானது. இப்போது வெளிநாட்டுச் சரக்குதான், விலையும் அதற்கேற்ப.

படம் எடுக்க: வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் இல்லாத கேமராவா? சுள்ளென்ற வெயிலில் 1/500 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 16 (எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்). மூட்டமாக இருந்தால் எஃப் 8, நிழலில் எஃப் 4. மீட்டர் இருப்பவர்கள்தான் நம் ஊரில் ஏமாறுவார்கள். நடவு வயலில் தேங்கிய தண்ணீர் வானத்தை அப்படியே காட்டும். மீட்டர் அதை நம்பி வெளிச்சத்தைக் குறைத்துவிட, நாற்று நடுகிறவர் முகம் வெறும் கறுப்புத் திட்டாகிவிடும். அதே வெயிலில் இருக்கும் வரப்புப் புல்லைக் காட்டி அளவெடுங்கள். சரியாக வரும்.

ரீலில் ஏற்றுதல்: டேங்க் (வெளிச்சம் புகாத மூடிபோட்ட டப்பா), ரீல் (அதற்குள் பிலிமைச் சுற்றி வைக்கும் சுருள்), கத்தரிக்கோல், பிலிம் எல்லாவற்றையும் இருட்டுப் பையில் போட்டு, கையை நுழைத்துச் செய்யும் வேலை. முதலில் ஒரு வீணான ரோலைக் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை ஏற்றிப் பழகுங்கள். பிலிம் முனையின் இரண்டு மூலைகளையும் லேசாக வளைத்து வெட்டினால் தடையில்லாமல் நுழையும். பைக்குள் ஐந்து நிமிடத்தில் கை வியர்க்கும். அந்த ஈரத்தில் பிலிம் ரீலோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது இழுக்கவே கூடாது. எல்லாவற்றையும் டேங்குக்குள் போட்டு, நடுக்குழாயையும் செருகி மூடியைத் திருகிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். விடியற்காலையில் செய்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

தண்ணீர்: ஐடி-11 என்ற டெவலப்பர் பொடியை முதல் நாளே கரைத்து வையுங்கள். 40 டிகிரித் தண்ணீரில் முதலில் ஏ பொட்டலம், அது கரைந்தபின் பி. ராத்திரி மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் சில டிகிரி இறங்கியிருக்கும். டெவலப்பர், ஹைப்போ (படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர்), அலசும் தண்ணீர் மூன்றையும் ஒரே பேசினில் நிறுத்தி, பிளாஸ்டிக் கவரில் கட்டிய ஐஸை அந்தப் பேசினில் போடுங்கள். ஐஸ் நேரே டெவலப்பரில் விழுந்தால் கலவை நீர்த்துவிடும். மூன்றும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும்; குளிரிலிருந்து திடீரென்று சூட்டுக்குப் போனால் பிலிமின் மேல்பூச்சு சுருங்கி, வெடித்த வயல்போலக் கோடு விழும்.

20-க்கு இறக்க முடியவில்லையா? 24 போதும், நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐடி-11 150 மி.லி., தண்ணீர் 150 மி.லி. கலவைக்கு 20 டிகிரியில் 13 நிமிடம், 24-இல் ஏறத்தாழ 9. தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் 24-இல் ஐந்து நிமிடத்துக்கே வந்துவிடும். அவ்வளவு சின்ன நேரத்தில் படம் திட்டுத்திட்டாக வரும்.

கழுவுதல்: ஊற்றியதும் பத்து நொடியில் நான்கு தடவை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தி, தரையில் ஒரு தட்டு தட்டுங்கள். குமிழி போய்விடும். ஒவ்வொரு நிமிடமும் இதே. டெவலப்பரைக் கொட்டிவிட்டு, இரண்டு தடவை தண்ணீரில் அலசி, ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்த ஹைப்போவில் ஐந்து நிமிடம். அதன்பிறகு மூடியைத் திறக்கலாம். கடைசி அலசலுக்கு மோட்டார் ஓட வேண்டாம்: டேங்கை நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பிப் பத்து, அப்புறம் இருபது. முடிவில் கேன் தண்ணீரில் ஒரு முக்கு. போர் தண்ணீரில் முடித்தால் காய்ந்ததும் உப்புப் பொட்டுகள் நிற்கும்.

குளியலறையில் துணி கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள், ஃபேன் போடாதீர்கள். ஹைப்போவைப் பாட்டிலில் திரும்ப ஊற்றி வைத்தால் இன்னும் பல ரோலுக்கு வரும். அதில் வெள்ளி கரைந்திருக்கும். கொல்லை வாழைக்கோ வாய்க்காலுக்கோ ஊற்றிவிடாதீர்கள்.