பிக்கப் வண்டியின் ஏசி குளிரவில்லையா? கேஸ் நிரப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஏசியிலிருந்து வெதுவெதுப்பான காற்று வரத் தொடங்கியதும் கேஸ் நிரப்பிப் பார்ப்பதே பலரின் முதல் வேலையாக இருக்கிறது. அந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். கேஸ் என்பது டீசலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருளன்று. மூடிய சுற்றுக்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறிச் சுழல்வது. அது கணிசமாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. குறையாமலே குளிர்ச்சி போயிருந்தால் பழுது வேறிடத்தில் இருக்கிறது. இரண்டிலும் வெறுமனே நிரப்புவதால் பயனில்லை.

முதலில் குறை எத்தகையது என்று பிரித்தறியுங்கள். காற்றின் வேகமே குறைவாக இருந்தால் கேபினுக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். மண் சாலைகளில் ஓடும் வண்டியில் அது எதிர்பார்ப்பதைவிட விரைவில் அடைத்துக்கொள்ளும். காற்றைத் தள்ளும் ப்ளோயர் உச்ச வேகத்தில் மட்டும் சுழன்றால், வேகத்தைக் குறைக்கும் அதன் ரெசிஸ்டர் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். காற்று நன்றாக வந்தும் குளிர்ச்சி இல்லையென்றால், ஏசியை ஓடவிட்டு, என்ஜின் அறைக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரினுள் நுழையும் இரு குழாய்களில் பருமனானதைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். அது நன்கு குளிர்ந்து வியர்த்திருந்தால் குளிரூட்டும் சுற்று தன் வேலையைச் செய்கிறது. சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் டாஷ்போர்டுக் கதவோ அதை இயக்கும் சிறிய மோட்டாரோ சிக்கியிருக்கிறது. ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாக வருவதும், டாஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று ஒலிப்பதும் பெரும்பாலும் இதே குறையைக் காட்டும்.

குழாய் குளிரவில்லையென்றால், கேஸை அழுத்திச் சுழலவைக்கும் கம்ப்ரசருக்கு வாருங்கள். அதை என்ஜின் பெல்ட்டோடு இணைத்தும் பிரித்தும் விடும் கிளட்ச் உள்ள கம்ப்ரசரில், ஏசியைப் போட்டதும் முன்தட்டு புல்லியோடு ஒட்டிச் சுழல வேண்டும். ஒட்டவில்லையெனில் ஃபியூஸையும் ரிலேயையும் சோதித்துவிட்டு, கிளட்ச் இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். மின்சாரம் வந்தும் ஒட்டவில்லை என்றால் தட்டை இழுத்து ஒட்டவைக்கும் மின்காந்தச் சுருளான காயில் எரிந்திருக்கலாம், அல்லது தேய்மானத்தால் தட்டின் இடைவெளி கூடியிருக்கலாம். மின்சாரமே வரவில்லை என்றால், கேஸ் குறைந்ததால் அழுத்த சுவிட்ச் கம்ப்ரசரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அந்த சுவிட்சை வயர் போட்டு நேரடியாக இணைத்து ஓட்டாதீர்கள்: கம்ப்ரசருக்கான எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் பயணிக்கிறது, கேஸ் இல்லாமல் ஓடும் கம்ப்ரசர் இறுகி, அதன் உலோகத் துகள்கள் சுற்று முழுவதும் பரவும். சில புதிய வண்டிகளில் கிளட்சே இருப்பதில்லை. புல்லி எப்போதும் சுழலும் என்பதால் அங்கே ஸ்கேன் கருவி தேவைப்படும்.

பிக்கப் வண்டிகளில் நான் மிகுந்த கவனம் செலுத்தச் சொல்வது, கேஸின் வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கண்டன்சர்மீதுதான். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று சேறு, பூச்சி, வைக்கோல், கல்லடி அனைத்தையும் முதலில் தாங்குவது அது. போதாக்குறைக்குக் கனமான பம்பரும் கூடுதல் விளக்குகளும் அதற்கு வர வேண்டிய காற்றை மறைக்கின்றன. ஓடும்போது குளிர்ந்து, சுமை ஏற்றுவதற்காக நிற்கும்போது சூடாகும் ஏசி ஏறத்தாழ எப்போதும் காற்றோட்டக் குறையையே சுட்டுகிறது. மின்விசிறி சுழல்கிறதா, என்ஜினோடு சுழலும் விசிறியாக இருந்தால் அதை இணைக்கும் திரவ இணைப்பான விஸ்கஸ் கிளட்ச் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தகடுகளை மிதமான நீரோட்டத்தால் கழுவுங்கள். உயர் அழுத்த நீர் அவற்றை மடக்கிவிடும்.

இதன் பிறகே அழுத்தமானி. அது கம்ப்ரசருக்குள் கேஸ் நுழையும் தாழ்பக்கம் (தாழ் அழுத்தம்), அதிலிருந்து வெளியேறும் உயர்பக்கம் (உயர் அழுத்தம்) ஆகிய இரண்டையும் அளக்கும். 134ஏ என்ற வகைக் கேஸ் உள்ள வண்டியில், என்ஜின் நின்று எல்லாம் ஆறிய நிலையில், 30 டிகிரி செல்சியஸில் இருபுறமும் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும். உள்ளே சிறிதளவு திரவம் இருந்தாலே இந்த எண் வந்துவிடும் என்பதால், இதை வைத்துக் கேஸ் நிறைவாக இருப்பதாக முடிவுகட்டக் கூடாது. ஓடும்போது இருபுறமும் குறைந்திருந்தால் கேஸ் பற்றாக்குறை. இருபுறமும் மிகுந்திருந்தால் அளவு மீறிய கேஸ் அல்லது கண்டன்சரில் காற்றோட்டக் குறை. தாழ்பக்கம் ஏறி உயர்பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரசர் தளர்ந்திருக்கிறது. தாழ்பக்கம் வெற்றிடத்தை நோக்கி இறங்கினால் திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்துக் குளிரவைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்விலோ, ஈரத்தை உறிஞ்சும் டிரையரிலோ அடைப்பு.

கசிந்த இடத்தில் எண்ணெய்க் கறை படிந்து, அதில் தூசி ஒட்டியிருக்கும். இணைப்புகள், அவற்றிலுள்ள ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள், கம்ப்ரசரின் முன்சீல், கேஸ் நிரப்பும் சர்வீஸ் வால்வுகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். நுண்ணிய கசிவுக்குப் புறஊதா விளக்கில் ஒளிரும் சாயம் உதவும். கசிவை அடைக்கும் திரவங்களைத் தவிர்ப்பதே நல்லது. அவை வால்வையும், கேஸை உறிஞ்சி எடுக்கும் மீட்புக் கருவியையும் அடைத்துவிடக்கூடும். அழுத்தச் சோதனைக்கு உலர்ந்த நைட்ரஜனை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஆக்சிஜனோ அழுத்தக் காற்றோ ஆபத்தானவை.

சுற்றைத் திறக்கும் வேலையை மீட்புக் கருவி வைத்திருக்கும் பணிமனையிடம் விடுங்கள். 134ஏ திரவம் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் கண்ணிலோ தோலிலோ பட்டால் உறைபுண் உண்டாக்கும். காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. பழுது நீக்கியபின் டிரையரை மாற்றி, வேக்யூம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். பம்பை நிறுத்திய பிறகும் வெற்றிடம் குறையாமல் நிற்க வேண்டும். பானெட்டின் அடியிலுள்ள ஒட்டுச்சீட்டில் கேஸின் வகையும் எடையும் இருக்கும். 1234ஒய்எஃப் என்ற வேறு வகைக் கேஸ் குறிப்பிடப்பட்ட வண்டியில் 134ஏ-வைக் கலக்கக் கூடாது. அழுத்தமானியை மட்டும் பார்த்து நிரப்பாமல், அந்த எடையைத் தராசில் அளந்தே நிரப்பச் சொல்லுங்கள்.