செஸ்னா 172: இழுவை எண்ணில் கைவைப்பதற்கு முன்

ஃப்ளைட்கியர் என்ற விமான சிமுலேட்டரில் செஸ்னா 172எஸ் என்ற சிறிய விமானத்தின் மாதிரியை நிஜ விமானத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவர உட்காரும் புதியவர்கள் மாறி மாறி ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். பிரேக்கை விடாமல் ஓடுவது, ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை) ஏற்ற மறப்பது எல்லாம் பறக்கப் பறக்கத் தானாகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாகாதவை.

வேகம் போதவில்லை என்று இழுவையைக் குறைப்பது

விமானத்தின் கையேடு 8500 அடியில், 75 சதவீத எஞ்சின் சக்தியில் 124 நாட் (மணிக்கு 124 கடல்மைல்) என்கிறது. சிமுலேட்டரில் அதே உயரத்தில் வேகமானி 109-ஐ ஒட்டியே நிற்கும். உடனே, விமானம் பறக்கும் விதத்தைக் கணக்கிடும் ஜேஎஸ்பிசிம் நிரலின் கோப்பைத் திறந்து இழுவைக் கெழுவை (காற்று விமானத்தைப் பின்னிழுக்கும் அளவைத் தீர்மானிக்கும் எண்) வெட்டிவிடுகிறார்கள். மாதிரியில் பிழையே இல்லை! கையேடு சொல்வது உண்மை வேகம்; முள் காட்டுவது சுட்டு வேகம், காற்று மெலிந்தால் அது குறைத்துக் காட்டும். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம்; ஆகவே முள்ளில் 109 என்றால் விமானம் 124-இல்தான் போகிறது.

முள்ளையே 124-க்குக் கொண்டுவர, அடிப்படை இழுவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெட்ட வேண்டியிருக்கும். அதன் விலை தரையிறங்கும்போது தெரியும். 65 நாட்டில் ஓடுபாதைக்கு வந்த விமானம் கீழே இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகும். அதை அடக்க ஃபிளாப்பின் இழுவையை ஏற்றுவார்கள். இப்போது 30 டிகிரியில் கல்லைப் போல விழும். பிறகு ஃபிளாப்பின் தூக்குவிசையை மாற்றுவார்கள், ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது) கெடும். ஒரு முள்ளைத் தவறாகப் படித்ததற்காக ஒரு நல்ல மாதிரி முழுவதும் சிதைகிறது. பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருக்கிறது.

இழுவையைச் சோதிக்க எஞ்சின் சக்தி இல்லாமல் பறக்கவேண்டும். 4000 அடியில் மிக்ஸ்ச்சர் குமிழை (எரிபொருள்-காற்றுக் கலவையின் கட்டுப்பாடு) முழுதாக இழுத்து எஞ்சினை நிறுத்துங்கள். ஃபிளாப் மேலே, வேகம் 68 நாட், ப்ரொப்பெல்லர் காற்றில் சுழலட்டும். 3500-இலிருந்து 2500 அடிக்கு இறங்க ஏறக்குறைய 75 வினாடி ஆகவேண்டும். கையேட்டின் கணக்குப்படி 1000 அடிக்கு ஒன்றரைக் கடல்மைல். 90 வினாடி ஆனால் இழுவை குறைவு.

இங்கே இன்னொரு கண்ணி உண்டு. சில ப்ரொப்பெல்லர் கோப்புகளில் உந்துவிசை அட்டவணை பூஜ்யத்தோடு முடிந்துவிடும். ஜேஎஸ்பிசிம் கடைசி எண்ணையே பிடித்துக்கொள்வதால், சுழலும் ப்ரொப்பெல்லர் விமானத்தைப் பின்னுக்கு இழுக்காது. அட்டவணை எதிர்ம எண்களுக்குள் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே இறங்கும் நேரத்தை நம்புங்கள்.

அடுத்து, நின்ற இடத்தில் முழு த்ராட்டில் (எஞ்சினுக்கு முழு விசை): 2300 முதல் 2400 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுழற்சி). பிறகு கடல்மட்டத்தில் 74 நாட்டில் ஏற்றம்: நிமிடத்துக்கு 730 அடி. கடைசியில்தான் க்ரூஸ் வேகம், அதாவது மட்டமாகப் பயணிக்கும் வேகம். அங்கே நான்கைந்து நாட் விலகினால் ப்ரொப்பெல்லர் அட்டவணையில் தேடுங்கள், இறக்கையில் வேண்டாம்.

காலி விமானத்தில் அளப்பது

கையேட்டின் எண்கள் 2550 பவுண்டுக்கு. ஆளையும் எரிபொருளையும் ஏற்றுங்கள்.

நேரலை வானிலை

அணைத்துவிடுங்கள். கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ், 1013.25 ஹெக்டோபாஸ்கல், காற்று வீசாமல் வைத்துச் சோதியுங்கள்.

ஜாய்ஸ்டிக்கின் குறையை மாதிரியில் திருத்துவது

மூக்கு துள்ளுகிறது என்று எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) வலுவைக் குறைப்பது பரவலான வழக்கம். நிஜ விமானத்தின் யோக் (விமானியின் கைப்பிடி) நீளமாக நகரும், மேசை ஜாய்ஸ்டிக் சில சென்டிமீட்டர்தான். துள்ளல் அங்கிருந்து வருகிறது. மாதிரியில் எலிவேட்டரைக் குறைத்தால், முன் இருக்கையில் இருவர் மட்டும் அமர்ந்து எடைமையம் முன்னால் இருக்கும்போது, தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்க வலு போதாது. சிமுலேட்டரின் அமைப்பில் ஜாய்ஸ்டிக் வளைவை மட்டும் நடுவில் மென்மையாக்குங்கள்.

இடப்பக்க இழுப்பு இல்லை என்பது

முழு விசையில் விமானம் இடப்பக்கம் இழுக்கவில்லை என்றால், தானியங்கி ரடர் (வாலின் செங்குத்துப் பலகை) ஒருங்கிணைப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். அதை அணைத்துவிட்டு, பிறகு மறுபடி ஓடுபாதையில் முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள்.