காம்போசிட் (பல் நிறத்தில் அடைக்கும் பிசின்) ஒட்டுவதற்கு முன் பல்லைத் தயார் செய்வது எப்படி

கீழக்கரை, மண்டபம் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர்கள் முதலில் பார்க்க வேண்டியது பல்லை அல்ல, பல்லில் ஊதும் காற்றைத் தரும் கம்ப்ரசரை. கடற்காற்றின் ஈரம் டேங்கில் தண்ணீராகத் தேங்கும், தினமும் காலையில் வடித்துவிடுங்கள். அப்புறம் ஒரு கண்ணாடியில் காற்றை ஊதிப் பாருங்கள். ஈரமோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால், அதைச் சரிசெய்யும் வரை எதையும் ஒட்டாதீர்கள்.

சரி, பல்லுக்கு வருவோம். வெற்றிலைக் கறை இருந்தால் எண்ணெய் கலக்காத பியூமிஸை (தேய்க்கும் கல்பொடி) தண்ணீரில் குழைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். பல்லை எச்சிலிலிருந்து மறைக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் கட்டாயம். எட்ச் செய்த (அமிலம் வைத்துச் சொரசொரப்பாக்கிய) இடத்தில் எச்சில் பட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் வைத்து, 15 விநாடி கழித்து அதற்கு உள்ளே இருக்கும் டென்டினிலும் பரப்பி, இன்னொரு 15 விநாடியில் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவுங்கள். (1955-இல் புவோனகோர் என்ற பல் ஆராய்ச்சியாளர் எனாமலில் 85 சதவீத அமிலத்தை வைத்துப் பார்த்தார், நல்லவேளை நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.) எனாமல் காய்ந்ததும் சாக்பீஸ் மாதிரி வெளுக்க வேண்டும், ஆனால் டென்டினை அப்படிக் காய வைத்தால் அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் படுத்துவிடும், பாண்ட் (காம்போசிட்டைப் பல்லோடு ஒட்டும் திரவம்) உள்ளே இறங்காது, நோயாளிக்குப் பல் கூசும். பஞ்சால் ஒற்றி எடுங்கள். பளபளப்பு இருக்கலாம், தண்ணீர் தேங்கக் கூடாது.

பாண்டை 20 விநாடி தேய்த்துப் பூசி, திரவம் அலையாடுவது நிற்கும் வரை மெதுவாகக் காற்று ஊதி, பிறகு அது இறுக லைட் காட்டுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டிலை அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறங்கள், சொட்டியதும் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கரைப்பான் ஆவியாகிவிடும்.