629001 என்ற எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

மக்களே, நாகர்கோவில் வடசேரியில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் கணக்கு நம்ம ஊர் பின்கோடுதான்: 629001. பேனாவை எடுங்கள், கால்குலேட்டர் வேண்டாம்.

கடைசி இலக்கம் 1. எனவே 2, 5 இரண்டும் வகுக்காது. இலக்கங்களைக் கூட்டினால் 18, ஆகவே 9 வகுக்கும். வகுத்தால் 69889. இதன் இலக்கக் கூட்டல் 40, இனி 3 கிடையாது.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் மூன்றையும் பெருக்கினால் 1001. வலமிருந்து மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 69, 889. வித்தியாசம் 820. அதை 7, 11, 13 எதுவும் வகுக்காது. அப்படியென்றால் 69889-ஐயும் வகுக்காது.

இனி 17, 19, 23 என்று பகா எண்களாகப் பொறுமையாக வகுத்துக்கொண்டே போங்கள். பிள்ளைகள் 37-லேயே சோர்ந்துவிடுவார்கள், நான் விடமாட்டேன். 47-ல் மீதியில்லாமல் 1487 வரும்.

1487 பகா எண்ணா? மறுபடி வகுக்கவே வேண்டாம். 39-ன் வர்க்கம் 1521, அதைவிட இது சிறியது. 37 வரையுள்ள பகா எண்களைத்தான் ஏற்கெனவே தள்ளிவிட்டோமே. ஆக, பகா எண்தான்.

629001 = 3 × 3 × 47 × 1487. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதோடு 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை: 3 × 2 × 2 = 12. எண்ணைத் தவிர மற்ற காரணிகளைக் கூட்டினால் 299511. எண்ணைவிடக் குறைவு என்பதால் இது குறைவெண் வகை.

அடுத்து கன்னியாகுமரியின் 629702-ஐ எடுங்கள்.