கேத்தில் வெள்ளையும் முழங்கால் வெள்ளையும்: வினாகிரியில் போட்டுப் பார்ப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் யாருக்காவது முழங்கால் வீங்கினால் முதல் பழி கிணற்றுக்குத்தான். "கேத்திலுக்குள்ள படியிறதுதானே மூட்டுக்குள்ளயும் படியுது" என்பார்கள். அம்மம்மாவின் எக்ஸ்ரேயில் குருத்தெலும்புக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்ததும் இந்தக் கதை பெரிதாகி, கல்சியம் கூடாதென்று மனுஷிக்குப் பாலையும் நெத்தலியையும் நிற்பாட்டிவிட்டார்கள். சண்டை பிடிப்பதை விடச் செய்து காட்டுவது லேசு என்று மூன்று கிளாசும் ஒரு போத்தல் வினாகிரியும் எடுத்தேன்.

முதல் கிளாசில் கேத்தில் அடியில் சுரண்டிய வெள்ளை, இரண்டாவதில் கணவாய் ஓட்டில் ஒரு துண்டு, மூன்றாவதில் கோழிக் கால் எலும்பு. கறியில் கிடந்த எலும்பே போதும், ஆனால் இறைச்சியை வடிவாகச் சுரண்டிக் கழுவ வேண்டும். மெல்லிய எலும்பாக எடுத்தால் காத்திருக்கும் நாள் குறையும். வினாகிரியில் தண்ணீர் கலக்காமல் பொருள் மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியே போக வழி வேண்டும்.

முதல் இரண்டும் உடனே நுரைக்கும். அவை கல்சியம் காபனேற்று, வருவது காபனீரொட்சைட்டு. எலும்பு பேசாமல் கிடக்கும். உற்றுப் பார்த்தால் ஒன்றிரண்டு குமிழி வரலாம், அதில் ஏமாற வேண்டாம், எலும்பின் கனியத்திலும் கொஞ்சம் காபனேற்று உண்டு. தினமும் வினாகிரியை மாற்றிக்கொண்டே வந்தால் நாலைந்து நாளில் எலும்பு ரப்பர் மாதிரி வளையும். மிஞ்சியது கொலாஜன் என்ற புரதம். கரைந்து போனது ஐதரொக்சிஅபற்றைற்று என்ற கல்சியம் பொஸ்பேற்றுக் கனியம். பாடசாலை ஆய்வுகூடம் கிடைத்தால், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, அந்த வினாகிரியில் கொஞ்சத்துக்கு நைத்திரிக் அமிலமும் அமோனியம் மொலிப்டேற்றும் சேர்த்துச் சூடாக்கிப் பாருங்கள். மஞ்சள் வீழ்படிவு வந்தால் பொஸ்பேற்று இருக்கிறது.

சரி, கிணறு? நம் நிலத்தடி முழுக்கச் சுண்ணக்கல். மழைநீர் அதைக் கரைத்து இருகாபனேற்றாகக் கொண்டு வருகிறது, கொதிக்க வைத்தால் வாயு போய்க் காபனேற்று படிகிறது. இரத்தம் கேத்தில் இல்லை. நீங்கள் என்ன குடித்தாலும் உடம்பு இரத்தத்திலுள்ள கல்சியத்தை ஒரு சின்ன எல்லைக்குள்ளேயே பிடித்து வைக்கிறது.

அம்மம்மாவின் கோட்டில் இருப்பது கேத்திலின் காபனேற்று அல்ல, பெரும்பாலும் கல்சியம் பைரோபொஸ்பேற்று. இரண்டு பொஸ்பேற்றுகள் கைகோத்த பைரோபொஸ்பேற்றைக் குருத்தெலும்புக் கலங்களே உண்டாக்குகின்றன, அது அங்கேயே கல்சியத்தோடு சேர்ந்து பளிங்காகிறது. அறுபதுக்கு மேல்தான் இது அதிகம். திடீரென்று வீங்கிச் சுடும்போது அதைப் போலிக் கௌட் என்பார்கள் (கௌட் என்பது யூரிக் அமிலத்தின் உப்பான யூரேற்று மூட்டில் பளிங்காகும் நோய்). 1962இல் அமெரிக்க வைத்தியர் மக்கார்ட்டியும் கூட்டாளிகளும் மூட்டு நீரை முனைவாக்கிய ஒளி நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் இதைக் கௌட்டிலிருந்து பிரித்தார்கள்: இது சாய்சதுரம், கௌட்டின் யூரேற்று ஊசி. யூரேற்றில் கல்சியமே கிடையாது.

அதனால் வைத்தியரிடம் கேட்க வேண்டியது, மூட்டு நீரை எடுத்துப் பளிங்கு பார்க்க முடியுமா என்பதுதான். ஒரு சிக்கல்: மூட்டில் படியக்கூடிய ஐதரொக்சிஅபற்றைற்று வகைப் பளிங்குகள் சாதாரண நுணுக்குக்காட்டிக்குப் பிடிபடாத அளவு சிறியவை, அலிசரின் ரெட் சாயம் போட்டால்தான் கட்டியாகத் தெரியும். "பளிங்கு இல்லை" என்ற அறிக்கையை அப்படியே நம்பிவிட முடியாது. இன்னொன்று, இணையத்தில் தேடும் மாணவர்களுக்கு: மூட்டு நோயில் பி.சி.பி. என்றால் கார கல்சியம் பொஸ்பேற்று, அதாவது இந்த ஐதரொக்சிஅபற்றைற்று வகை; உடம்புக்குள் வைக்கும் செயற்கைப் பொருள்களைப் பற்றிய துறையில் அதே மூன்றெழுத்து இரண்டு கல்சியம் பொஸ்பேற்றுகளின் கலவை. இது தெரியாமல் நான் ஒரு இரவு முழுக்கத் தப்பான கட்டுரைகளை வாசித்தேன்.

இதே ஐதரொக்சிஅபற்றைற்றைத்தான் செயற்கை இடுப்பு மூட்டின் உலோகத்தில் பூசுகிறார்கள், எலும்பு அதில் ஒட்டி வளரும் என்று. மூட்டு நீரில் துகளாக மிதந்தால் கலங்கள் விழுங்கி அழற்சி, உலோகத்தில் ஒட்டியிருந்தால் உதவி. முருகைக்கல்லை அதன் துளைகள் கெடாமல் இந்தப் பொருளாக மாற்றலாம் என்று 1974இலேயே காட்டிவிட்டார்கள், கணவாய் ஓட்டிலும் அது முடியும்.

வினாகிரியைக் குடித்தோ முழங்காலில் பூசியோ பளிங்கைக் கரைக்க முடியாது, வயிற்றில் அதைவிடக் கடும் அமிலம் ஏற்கெனவே இருக்கிறது. பைரோபொஸ்பேற்றைக் கரைக்கும் மருந்து இன்னும் இல்லை. வீக்கத்தையும் நோவையும் அடக்க மருந்து இருக்கிறது. அறுபதுக்குக் கீழே வந்தால் மக்னீசியம், இரும்பு, பராதைரொயிட் (கழுத்திலுள்ள சுரப்பி) சோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். காய்ச்சலோடு முழங்கால் சுட்டு வீங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மம்மா நெத்தலிக்குத் திரும்பிவிட்டார். போத்தலில் மிஞ்சிய வினாகிரியைக் கேத்திலுக்குள் ஊற்றி அரை மணித்தியாலம் விட்டுக் கழுவினேன், அடி பளிச்சென்று வந்தது.